பிள்ளையைப் பற்றி இங்கிலீஷில் பேசினோம்

இங்கிலீஷ்காரர்களுக்கு நாளை என்றால் பயமே இருந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் இன்னும் நடக்காத ஒன்றைச் சொல்வதற்கு இத்தனை வழி எதற்கு? சட்டென்று முடிவெடுத்தால் ஒரு வழி, முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தால் இன்னொரு வழி, ஆளைப் பார்த்துப் பேசி நாள் குறித்துவிட்டால் வேறொரு வழி. பஸ் கிளம்பும் நேரம், ரயில் வரும் நேரம் என்றால் அதற்குத் தனி வழி. இதெல்லாம் போதாதென்று, நாளை மறுநாளில் போய் நின்றுகொண்டு நாளையைத் திரும்பிப் பார்ப்பதற்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். கல்யாணமான பிறகு அஞ்சல்வழியில் பி.ஏ. படித்த காலத்தில் இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்தேன். கள்ளக்குறிச்சி கடைவீதியில் வாங்கிய தடித்த கைடு. அட்டை வாங்கிய மாதமே பிய்ந்துவிட்டது. அப்போது நாங்கள் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் கடலூருக்குப் போக வேண்டும்.

நான் வாழ வந்த வீட்டில் நாளையைப் பற்றிப் பேச ஒரே ஒரு சொல்தான் இருந்தது. பாக்கலாம். என் மாமியாருக்கு அந்தச் சொல் போதும். "வர்ற வாரம் எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரேங்க அத்தே" என்றால், "ஆவட்டும், பாக்கலாம்" என்பார். "இந்த வருசம் மல்லாட்ட நல்லா வெளையும்னு சொல்றாங்க" என்று வேர்க்கடலையைப் பற்றிச் சொன்னால், "மெதுவா பேசு, எவன் காதுலயாவது வுழுந்திடப் போவுது" என்பார். கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கறுத்து நிற்கும்போது, மழை வரும் போலிருக்கிறதே என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. மேகம் கலைந்தது என் வாயால்தான் என்று அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எனக்கு அப்போதெல்லாம் முணுக்கென்றால் கோபம் வரும். சமையல்கட்டில் பாத்திரங்கள் என் கோபத்தை நன்றாக அறியும்.

அவர் பயத்துக்கு ஆதாரம் என் கணவரின் மூக்கில் இருந்தது. வலது பக்கத்தில் கடுகளவு ஒரு பள்ளம். இவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் பால்குடி மறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டியிருக்கிறார்கள். தெருவில் ஒரு பெண் வந்து, யாரோ எறிந்துவிட்டுப் போன பிள்ளை என்று எடுத்துக்கொண்டு போக, மாமியார் அவளிடம் முறத்தில் தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்கினாராம். மூக்கையும் குத்திவிட்டார்கள். வேண்டாத பிள்ளை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று நினைத்து எமன் பேசாமல் போய்விடுவான் என்று நம்பிக்கை. போய்விட்டான் போலத்தான். பிள்ளை வளர்ந்து, மீசை வைத்து, தனியார் பஸ்ஸில் கண்டக்டர் ஆகிவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஏறினால் கச்சிராயபாளையம், வெள்ளிமலை, கரியாலூர் என்று மலைமேல் போய் வரும் வண்டி. "இன்னா கண்டக்டரே, மூக்குத்தி எங்க?" என்று மலைப் பெண்கள் கேட்பார்களாம். "அடமானத்துல கீது" என்று விசிலை ஊதிவிடுவார்.

நான் இரண்டு முறை முழுகாமல் இருந்தேன். வாய் திறந்து பேசுவதற்குள்ளேயே இரண்டும் தங்காமல் போயின. மூன்றாவது தங்கியபோது மாமியார் வீட்டின் வாயையே கட்டிப்போட்டார். அவர் பேசாமல் பெற்ற பிள்ளை, என் கணவர், பிழைத்தாராம். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஆணா பெண்ணா என்று ஒரு பேச்சு கூடாது. பெயர் யோசிக்கக் கூடாது. துணி வாங்கக் கூடாது, தொட்டில் கம்பு பார்க்கக் கூடாது, வளைகாப்பு என்ற சொல்லே கூடாது. என் வயிறு எனக்கு முன்னால் வாசற்படி தாண்டிய காலத்தில், பக்கத்து வீட்டு மளிகைக்கடை பாயின் மனைவி ஆசையாக வந்து, "எத்தினி மாசம் மருமவளுக்கு?" என்று கேட்டார். மாமியார் கொஞ்சமும் கூசாமல், "மாசம் ஒண்ணும் இல்லம்மா, அதுக்கு வாயு ஜாஸ்தி" என்றார். அந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருங்காயம் போட்டு மோர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. உள்ளே ஒரு உயிர் உதைத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பேச உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? எனக்குப் பேச வேண்டும் போலவே இருந்தது. கண் விழித்ததும் பேச வேண்டும், கஞ்சி குடிக்கும்போது பேச வேண்டும்.

கைடில் எதிர்காலப் பாடத்துக்கு நான் வந்தது அந்த மாதத்தில்தான். தேர்வுக்கு இங்கிலீஷ் பேப்பர் கட்டாயம். என் கணவர் பள்ளிப் படிப்பை முடித்தவர். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்த நாட்களில் கைகால் கழுவிக்கொண்டு கைடைப் பிரித்து என்னைக் கேள்வி கேட்பார். மாமியார் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

"கோயிங் டு எப்ப வரும், சொல்லு."

"கண்ணால பாத்தா அடையாளம் தெரியுது, அதனால நடக்கப் போவுதுன்னு சொல்ல வரும். மேகம் கறுத்துக்கினு வருது, மழ பெய்யப் போவுது. அந்த மாதிரிங்க."

"ஒரு எக்சாம்பிள் நீயே சொல்லு. புக்குல இருக்கிறது வேணாம்."

நான் யோசித்தேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு கைடைப் பார்ப்பது போல வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கும் குரலில், தட்டுத் தடுமாறி, "ஷி இஸ் கோயிங் டு ஹேவ் மை நோஸ்" என்றார். பிறக்கப் போகிறவளுக்கு அவர் மூக்காம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசற்படியைப் பார்த்தேன். மாமியார் முளைக்கீரையின் வேரை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷில் பஸ், லேட், ஆஸ்பத்திரி என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. எமனுக்கும் தெரியாது என்று எங்களுக்கு அந்த நிமிஷத்தில் ஒரு தைரியம் வந்தது. குப்பைமேட்டில் புரட்டினால் ஏமாந்து போகிறவன், பி.ஏ. முதல் வருஷப் பாடத்தையா புரிந்துகொள்ளப் போகிறான்?

"நோ," என்றேன் நான். "ஷி வில் ஹேவ் மை நோஸ்." வேண்டாம், என் மூக்கே இருக்கட்டும்.

அன்றிலிருந்து பாடம் சூடு பிடித்தது. அவர் மலையிலேயே தங்கும் நாட்களில் எனக்குப் பொழுதே போகாது. வந்ததும் வராததுமாக, "புக்க எடு" என்பார். வில் என்பதை வாக்குக் கொடுக்க வைத்துக்கொண்டோம். அவளை நான் அடிக்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். நான் அடிப்பேன் என்று நான் கொடுத்தேன். ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்ட காரியத்தை நிகழ்காலத்திலேயே சொல்லலாம் என்று கைடில் இருந்தது. அதனால் அவள் சித்திரையில் கான்வென்டில் சேர்கிறாள், நாம் ஃபீஸ் கட்டுகிறோம் என்று, எதையும் ஏற்பாடு செய்யாமலேயே சொல்லிக்கொண்டோம். கால அட்டவணைக்கான வாக்கியம் அவருக்குக் கைவந்த கலை. பஸ் ஆறு மணிக்குக் கிளம்புகிறது, முன் சீட்டில் அவள் உட்காருகிறாள், டிரைவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், கரியாலூரில் இறங்குகிறாள், அருவியைப் பார்க்கிறாள், பயந்து அழுகிறாள். அழுகிறாள் என்பதை அட்டவணையில் சேர்க்கக் கூடாது என்று நான் சண்டை போட்டேன். "என் வண்டில ஏர்ற கொழந்த எல்லாம் கரெக்டா கொண்டை ஊசி வளைவுல அழும், அதுவும் டைம்டேபிள்தான்" என்றார்.

எங்கள் இலக்கணம் அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது. இன்று நினைத்தால் பாதிக்கு மேல் பிழை. ஆனால் என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக எந்த மொழியையும் பேசியதில்லை.

மாமியார் மட்டும் எங்களை விட்டு நகர்வதே இல்லை. பாடம் தொடங்கினால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்துவிடுவார். கீரை இல்லாவிட்டால் புளி, புளி இல்லாவிட்டால் வெறுமனே வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்காருவார். உளவு பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாங்கள் குரலைத் தாழ்த்தினால், "சத்தமா படி, அப்பதான் மண்டையில ஏறும்" என்று அதட்டுவார். படிக்காதவருக்கு என் படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று நான் மனதுக்குள் பல்லைக் கடித்தேன்.

கடைசியாக வந்தது அந்தத் திரும்பிப் பார்க்கிற பாடம். வில் ஹேவ் என்று வரும். எதிர்காலத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்த நாளுக்குள் இன்னது முடிந்திருக்கும் என்று சொல்வது. எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. நடக்காததை எப்படி முடிந்துவிட்டதாகச் சொல்வது? அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "அடுத்த வருசம் ஆடி மாசத்த நெனச்சிக்கோ. மலையில திருவிழா. நாம போறோம். அதுக்குள்ள அது நடக்க ஆரம்பிச்சிருக்கும். பை நெக்ஸ்ட் ஆடி, ஷி வில் ஹேவ் வாக்டு" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் நடப்பதைப் பார்த்தேன். அருவிக்குப் போகும் பாதையில் ஈரப் பாறையில் எங்கள் இருவர் விரலையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். இன்றுவரை அந்த ஒரு பாடத்தில் மட்டும் எனக்குத் தப்பு வந்ததில்லை.

ஆவணி மழையில் எனக்கு வலி கண்டது. பிள்ளை உள்ளேயே அசைவை நிறுத்தியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பிழைக்க வைப்பதற்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கண் விழித்தபோது கால்மாட்டில் மாமியார் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "பொண்ணா?" என்று கேட்டேன். தலையாட்டினார். பிள்ளையைப் பற்றி மாமியாரிடம் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குள் கேட்பதற்கே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

எதையும் வாங்கி வைக்காததால் என் பழைய நூல்புடவையைக் கிழித்துச் சுற்றி, கோமுகி ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கு யாருடையது என்று என் கணவரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெற்றவள் அழும்போது பேர் சொல்லி அழுவாள். என் ராசாத்தி, உனக்குத் தங்கத் தொட்டில் கட்ட நினைத்தேனே என்று என்னென்னவோ சொல்லி அழுவாள். எனக்கு அப்படி அழ ஒரு சொல்லும் இல்லை. தமிழில் அவளைப் பற்றி நாங்கள் ஒன்றுமே சொல்லி வைக்கவில்லை. தமிழில் அவள் இருந்ததே இல்லை, வெறும் வாயுதான். அவளுடைய சிரிப்பு, பள்ளிக்கூடம், முன் சீட்டு எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. இங்கிலீஷில் யார் ஒப்பாரி வைப்பது? நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பேசியதால் போனாளா என்று ஒரு நாள் மனசு கேட்கும். பேசாமல் இருந்தும்தானே முன்னால் இரண்டு போயின என்று மறுநாள் அதுவே பதிலும் சொல்லும். இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வலித்தது.

அந்த வருஷம் தேர்வு எழுதவில்லை. பிறகு திருக்கோவிலூரில் போய் எழுதினேன், தேறினேன், ரிஷிவந்தியத்தில் ஒன்றிய அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. வாழ்க்கை நடந்தது. ஆனால் என் கணவரும் நானும் அதற்குப் பிறகு வீட்டில் இங்கிலீஷ் பேசியதில்லை. கைடு பரணுக்குப் போயிற்று. அவரும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் அம்மா மாதிரி ஆனார். மச்சு கட்டலாமா என்றால் பாக்கலாம், ஊட்டிக்குப் போகலாமா என்றால் பாக்கலாம். நான் ஒரு முறை கேட்காமலேயே அவர் வண்டியில் ஏறிக் கரியாலூருக்குப் போனேன். முன் சீட்டில் யாருடைய பெண்ணோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வளைவில் சரியாக அழுதது. அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அருவி வரை போகாமல் அதே வண்டியில் இறங்கி வந்துவிட்டேன்.

மாமியார் படுத்த படுக்கையானது நாங்கள் விழுப்புரம் மாவட்டம் ஆன பிறகு. எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் லீவு போட்டேன். ஒரு மத்தியானம், வெயில் கூடத்தில் பாதி வரைக்கும் வந்திருந்தது, கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டேன். என் கணவர் அம்மாவின் காலை அமுக்கிக்கொண்டிருந்தார். மாமியார் கண்ணைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இங்கிலீஷ்ல பேசிக்கினு இருப்பீங்களே, கொழந்தயப் பத்தி. அத ஒருக்கா பேசுங்களேன்."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். என் கணவர் அமுக்குவதை நிறுத்திவிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியாம இன்னா? ரெண்டு பேரும் வயித்தயே பாத்துக்கினு பேசுவீங்க. இவன் மூஞ்சி பூரிச்சுப் போயிருக்கும். எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனா கேக்க நல்லா இருந்திச்சு."

"அப்ப ஏன் நிறுத்தச் சொல்லல?" என்று கேட்டேன். இவ்வளவு வருஷத்துக் கோபமும் அழுகையும் அந்தக் கேள்வியில் இருந்தன.

அவருக்கு மூச்சு வாங்கியது.

"இவன் என் வயித்துல இருந்தப்ப நான் ஒரு வார்த்த பேசல. தடவிக்கூடக் குடுக்கல, எவ கண்ணாவது பட்டுடும்னு. பொறந்தப்பறம் கொண்டுபோயி குப்பையில போட்டேன். எனக்கு மட்டும் பேச ஆச இருந்திருக்காதா? நீங்க பேசிக்கினு இருந்தப்ப, நானும் கூடவே பேசிக்கினு இருந்த மாதிரி இருந்திச்சு. அதான் சத்தமா படிக்கச் சொன்னேன்."

என் கணவர் குனிந்துகொண்டார். அவர் அம்மாவின் பாதத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பேசுடா," என்றார் மாமியார்.

அவர் தலையை நிமிர்த்தித் தொண்டையைச் செருமினார். "ஷி இஸ் கோயிங் டு..." என்று தொடங்கி, அதற்குமேல் வராமல் என்னைப் பார்த்தார்.

"ஷி இஸ் கோயிங் டு ஹேவ் யுவர் நோஸ்," என்றேன் நான். அன்றைக்கு விட்டுக்கொடுக்காத மூக்கை இப்போது கொடுத்தேன்.

பிறகு நாங்கள் பேசினோம். இருந்திருந்தால் கல்யாண வயதில் இருந்திருப்பாள். ஆனாலும் விட்ட இடத்திலிருந்துதான் பேசினோம். அவள் நடப்பாள் என்றோம். அவள் அருவியைப் பார்ப்பாள், பயப்படுவாள், பிறகு பயப்பட மாட்டாள் என்றோம். மறந்துவிட்டோம் என்று நினைத்த வாக்கியம் எல்லாம் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு வந்தது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டார் என்று நாங்கள் நிறுத்தினோம்.

"இப்ப இன்னா பண்ணிக்கினு கீது அது?" என்று கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

நான்தான் சொன்னேன். எங்கள் மகளைப் பற்றி அந்த வீட்டில் நான் தமிழில் சொன்ன முதல் வாக்கியம் அது.

"ஸ்கூலுக்குக் கெளம்பிக்கினு இருக்குது அத்தே."

மாமியாரின் கை பாயில் என் கையைத் தேடிப் பிடித்தது.

"பாத்து," என்றார். "பாத்துப் போய்ட்டு வரச் சொல்லு."